நந்திக்கடலில் ஒரு ஐஸ் பெட்டி

விடியப்புறம் ஐந்து மணிக்கு வவுனியா நெளுக்குளத்தில் எங்கள் வீட்டு வாசலுக்கு வான் வந்துவிட்டது. என் கணவர் முதலில் ஐஸ் பெட்டியை ஏற்றினார். நனைத்த சாக்கை அதன் மேலே சுற்றினார். அது ஆடாமலிருக்க இரண்டு பக்கமும் தலையணை வைத்தார். இவ்வளவும் முடிந்த பிறகுதான், படலையடியில் கைப்பையோடு நிற்கும் மனைவியும் இந்தப் பயணத்தில் வருகிறாள் என்பது அவருக்கு நினைவு வந்தது. நிழல் விழும் பக்கம் பெட்டிக்குப் போய்விட்டதால் வெயில் பக்கத்து யன்னல் எனக்குக் கிடைத்தது.

இது 2003 சித்திரை மாதத்துக் கதை. போர் நிறுத்தத்தோடு ஏ-ஒன்பது பாதை திறந்து ஒரு வருடம் கடந்திருந்தது. வன்னிக்குள்ளே போகிறவர்கள் சீமெந்து, சைக்கிள் ரயர், பிள்ளைகளுக்கு பிஸ்கட் என்று எதையெதையோ கட்டிக்கொண்டு போனார்கள். நாங்கள் குளிரைக் கட்டிக்கொண்டு போனோம். காரணம் மச்சாள்.

மச்சாள் என்றால் இவருடைய அக்கா மகேஸ்வரி. முள்ளிவாய்க்காலில் இருக்கிறார். முள்ளிவாய்க்கால் எங்கே என்று வவுனியாவிலேயே பலருக்குத் தெரியாது. முல்லைத்தீவுக்கு அங்காலே, ஒரு பக்கம் பெருங்கடலும் மறு பக்கம் உப்பேரியான நந்திக்கடல் களப்பும் கிடக்க நடுவிலே நீண்டு போகும் மணல் நிலம், தென்னையும் மீனும் உள்ள அமைதியான இடம் என்று கேட்டவர்களுக்கெல்லாம் விளக்கிச் சொல்வேன். யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து போன மச்சாள் குடும்பத்தார் அங்கேயே காணி துப்புரவாக்கி, தென்னம்பிள்ளை வைத்து, மாடு கட்டி நிலைத்துவிட்டார்கள்.

இந்த வருடத் தொடக்கத்தில் மச்சாளின் கன்னத்தின் உட்புறத்தில் ஒரு கட்டி வந்தது. கொழும்பில் கதிர்ச் சிகிச்சை கொடுத்தார்கள். கட்டி சுருங்கியது; வாய் வெந்து முழுக்கப் புண்ணாகிவிட்டது. சோறு இறங்கவில்லை, பாண் இறங்கவில்லை, பச்சைத் தண்ணீரே எரிகிறது என்று கையால் காட்டினார். அடுத்த கட்டச் சிகிச்சைக்கு வைகாசியில் வரச்சொன்ன வைத்தியர், அதற்குள் உடம்பு இன்னும் வற்றினால் சிகிச்சையைத் தாங்காது, கொடுக்க முடியாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஐஸை வாயில் வைத்து, வாய் மரத்ததும் குளிர்ந்த பாலைக் கொடுத்தால் இறங்கும் என்பது அவர் சொன்ன வழி.

கொழும்பிலிருந்து திரும்பும்போது எங்கள் வீட்டில் தங்கச் சொல்லி இவர் கெஞ்சிப் பார்த்தார். இவருடைய தொழிலே குளிர்சாதனப் பெட்டி திருத்துவது. எந்த நேரமும் ஊராருடைய பெட்டிகள் ஐந்தாறு எங்கள் விறாந்தையில் உறுமிக்கொண்டு நிற்கும். மச்சாள் மறுத்துவிட்டார். என் வீடு, என் மாடு, என் கிணற்றடி என்று போய்ச் சேர்ந்தார். அந்தக் கிணற்றடியில் மின்சாரம் இல்லாமல் போய் எத்தனையோ வருடமாகிறது. அங்கிருந்து வந்த லொறிக்காரர் ஒருவரிடம் மச்சாளின் கணவர், எங்கள் அத்தான், சொல்லி அனுப்பினார்: "இப்ப கஞ்சித்தண்ணியும் வேண்டாமெண்டு தள்ளுறா."

அன்றைக்கு இவர் சாப்பிடவில்லை. பழுதாகிப்போன குளிர்சாதனப் பெட்டி ஒன்றின் கதவை அறுத்து, அதற்குள்ளிருந்த பஞ்சு போன்ற அடைப்பைப் பலகைப் பெட்டிக்குள் பொருத்தினார். உருகும் தண்ணீர் ஒழுக அடியில் ஒரு துளை போட்டு சைக்கிள் ரியூப் துண்டால் அடைத்தார். தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, திருத்துவதற்கு வந்த அத்தனை பெட்டியிலும் கிண்ணம் கிண்ணமாக வைத்து உறையவிட்டார். தன் பெட்டியைக் கேட்டு வந்த ஒரு ரீச்சரிடம், "இன்னும் ரெண்டு நாள் ஓடவிட்டுப் பாக்க வேணும் ரீச்சர், பொறுப்பில்லாமல் தர ஏலாது," என்று முகம் மாறாமல் சொன்னார். முல்லைத்தீவுக்கு மீன் லொறியில் ஐஸ் வருகிறதே என்று நான் கேட்டதற்கு என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. மீன் கிடந்த ஐஸைப் புண் வாயில் வைப்பதா என்று அதற்கு அர்த்தம்.

கிண்ணத்து ஐஸ்களைக் கழற்றி இடைவெளியில்லாமல் அடுக்கினார். நடுவிலே மூடி போட்ட எவர்சில்வர் வாளி. அதற்குள் சீனி போட்டுச் சுண்டக் காய்ச்சி, ஏலக்காய் தட்டிப் போட்டு நான் ஆறவைத்த பால். அந்தப் பயணத்தில் என் பங்கு அந்தப் பால் மட்டுந்தான். பெட்டியை யாரும் திறக்கக்கூடாது என்பது சட்டம்.

ஓமந்தையில் அந்தச் சட்டம் இரண்டு தடவை மீறப்பட்டது. முதலில் இராணுவப் பக்கத்துச் சோதனையில் ஒரு சிப்பாய் மூடியைத் தூக்கிப் பார்த்து, "அயிஸ்?" என்றான். இவர் தலையாட்டினார். அவன் விரலால் ஒரு கட்டியைத் தடவி, அந்த ஈரத்தைத் தன் பிடரியில் பூசிக்கொண்டு போகச் சொன்னான். அடுத்த பக்கத்தில் இயக்கப் போராளிகள் சாமான்களுக்கு வரி வாங்கினார்கள். ஐஸுக்கு எவ்வளவு என்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. ஆளுக்கு ஆள் கேட்டுக்கொண்டு நிற்க, சோதனை செய்த பெண்பிள்ளை என்னிடம் வந்தாள்.

"என்னத்துக்கு அம்மா இவ்வளவு ஐஸ்?"

"வருத்தக்காரிக்குப் பிள்ளை. வாய்ப்புண்."

அவள் தானே மூடியை இறுக்கி, சாக்கையும் சரியாக இழுத்துவிட்டாள். "வெயிலுக்கை வைச்சிருக்காதேங்கோ, கெதியாக் கொண்டு போங்கோ," என்றாள். வரியைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் கதைக்கவில்லை. ஐஸின் அருமை தெரிந்த பிள்ளை என்று புளியங்குளம் தாண்டும் வரைக்கும் இவர் அவளைப் புகழ்ந்துகொண்டு வந்தார்.

மாங்குளம் வரைக்கும் ஏ-ஒன்பது வீதி. ஓரமெங்கும் சிவப்பு மண்டையோட்டுப் பலகைகள். கண்ணிவெடி இருக்கிறது, தெருவை விட்டு இறங்காதே என்று. மாங்குளத்தில் பால் விடாத பிளேன்ரீ ஏழு ரூபா. கடைக்காரர் மேசைக்கு மேசை சுடச்சுட ஊற்றிக்கொண்டு போனார். குளிரான சோடா இருக்கிறதா என்று நான் கேட்டேன். அவர் சிரித்து, சோடா இருக்கிறது, குளிரை நீங்கள் நினைத்துக்கொண்டு குடிக்க வேண்டும் என்றார். அங்கிருந்து கிழக்கே திரும்பினால் முல்லைத்தீவு சுமார் ஐம்பது கிலோமீற்றர். ஒட்டுசுட்டான் வரைக்கும் ஒவ்வொரு குழிக்கும் இவர் பெட்டியை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தார்.

முள்ளியவளையில் வான்காரர் தம்பி கையை விரித்தார். "இதுக்கு மேலை றோட்டில்லை அண்ணை, கிடங்கும் குழியுந்தான். அச்சு முறிஞ்சா நான் ஓமந்தைச் சோதனை பூட்டமுதல் திரும்பேலாது." பேசிய மூவாயிரத்து ஐந்நூறு ரூபாவில் ஐந்நூறைத் தானாகவே குறைத்துக்கொண்டார். உழவு இயந்திரப் பெட்டியில் ஏறி முல்லைத்தீவைச் சுற்றிப் போகலாம். அல்லது கேப்பாப்புலவுக் கரைக்குப் போய்க் களப்பைக் குறுக்கே கடக்கலாம். குலுக்கினால் ஐஸ் உடையும், தண்ணீரில் அலுங்காமல் போகும், களப்பில் வெயிலுக்குக் காற்று உண்டு என்று இவர் நியாயம் சொன்னார். பாய்மரத்தில் போக வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே இவருக்கு ஆசை என்பதை மட்டும் சொல்லவில்லை. அது எனக்குத் தெரியும்.

பதினொரு மணிக்குக் கேப்பாப்புலவில் நஸார் நானாவின் வள்ளத்தைப் பிடித்தோம். நானா முல்லைத்தீவு முஸ்லிம். தொண்ணூறில் வடக்கிலிருந்த முஸ்லிம்கள் எல்லோரோடும் ஊரை விட்டுப் போக நேர்ந்து, புத்தளத்து உப்பளங்களில் பன்னிரண்டு வருடம் உழைத்துவிட்டு, தனியாளாக முதலில் திரும்பி வந்திருக்கிறார். வீடு திருத்தியதும் குடும்பத்தைக் கூப்பிடுவாராம். அந்தப் பன்னிரண்டு வருடத்தைப் பற்றி நாங்கள் கேட்கவில்லை, கேட்க எங்களுக்குக் கூச்சமாக இருந்தது. அவர் இறால் வாங்கி விற்கிறார், மிஞ்சிய மீனைக் கருவாடு போடுகிறார். வள்ளத்தின் பாய் உரப்பைகளைப் பிரித்துத் தைத்தது. "யூரியா" என்ற எழுத்து தலைகீழாகத் தெரிந்தது. களப்புக்குள் எஞ்சின் வைத்தால் மற்றவர்களின் வலை அறும் என்பதால் பாயும் ஊன்றித் தள்ளும் தாங்குகம்பும் மட்டுந்தான்.

"காத்து இருந்தா ஒரு மணித்தியாலத்திலை அக்கரை," என்றார் நானா.

"இல்லாட்டி?"

"இல்லாட்டி அல்லா விட்ட வழி, தங்கச்சி."

முதல் அரை மணித்தியாலம் சுகமாகப் போனது. பாய் நிறைந்து நின்றது. தண்ணீர் வள்ளத்தின் விலாவில் தட்டித் தட்டிக் கதைத்தது. கரைக்குக் கிட்ட வெள்ளை நாரைகள் ஒற்றைக் காலில் நின்று எங்களை மதிக்கவேயில்லை. இவர் பெட்டியை வள்ளத்தின் அடியிலே, நீர்மட்டத்துக்குக் கீழே வரும்படி வைத்து, பாயின் நிழல் நகர நகரப் பெட்டியையும் நகர்த்தினார். முகத்தில் பத்து வயதுப் பிள்ளையின் சந்தோசம். எனக்கும் சந்தோசமாகத்தான் இருந்தது. எங்களுக்குக் கலியாணமாகி நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து போன முதல் கடற்பயணம் இது என்று சொன்னேன். நடுவிலே ஒரு பெட்டி இருக்கிறது என்பதையும் சொன்னேன்.

பிறகு காற்று நின்றது. குறையவில்லை, அப்படியே நின்றுவிட்டது. பாய் துவண்டு தொங்கியது. மழை இல்லாத மாதம், களப்பு வற்றி இடுப்பளவும் இல்லை. நானா கம்பால் ஊன்றித் தள்ளினார். கொஞ்சத் தூரத்தில் வள்ளம் சேற்றில் சிக்கியது. இவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிப் பின்னாலிருந்து தள்ளினார். ஒரு தள்ளுக்கு ஒரு முழம். வள்ளம் தொட்டில் மாதிரி இடமும் வலமுமாக ஆடிக்கொண்டேயிருந்தது. நான் குடையை விரித்துப் பெட்டிக்குப் பிடித்தேன். வெயில் தலையில் ஏற, அப்படியே தூங்கிவிட்டேன்.

விழித்தபோது பாயில் மறுபடி கொஞ்சம் காற்று இருந்தது. அக்கரைத் தென்னைகள் கிட்டத் தெரிந்தன. இவர் ஈரச் சாரத்தோடு வள்ளத்துக்குள் ஏறி வந்து, கரைக்குப் போகமுதல் ஐஸ் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று பார்க்கப் பெட்டியைத் திறந்தார். அரைவாசிக்கு மேல் இருந்தது. இவருக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு சின்னத் துண்டை எடுத்து வாயில் போட்டார். உடனே துப்பினார்.

"உப்பு," என்றார்.

நானா கம்பை ஊன்றியபடியே திரும்பி, நல்ல செய்தி சொல்கிறவர் மாதிரி சொன்னார்: "ஓம், நான்தான் போட்டனான். துவாரத்து அடைப்பாலை தண்ணி கசிஞ்சுகொண்டு இருந்தது. நீங்கள் சேத்துக்கை, தங்கச்சி நித்திரை. ஐஸ் முடியப்போகுது எண்டு கருவாட்டு உப்பிலை நாலு சிரட்டை அள்ளிப் போட்டன். உப்புப் பட்டா எதுவும் கெடாமல் நிக்கும்தானே."

உப்பளத்தில் பன்னிரண்டு வருடம், அதற்கு முன்னும் பின்னும் கருவாடு. அவர் வாழ்க்கையில் உப்பு காப்பாற்றாத பொருள் எதுவுமில்லை. ஐஸ் மட்டும் என்ன விலக்கு என்று நினைத்திருக்கிறார்.

இவர் கத்துவார் என்று பயந்தேன். கத்தவில்லை, அது இன்னும் மோசமாக இருந்தது. பெட்டி ஓரத்தில் குந்தியிருந்து, "அவவின்ரை வாய் முழுக்கப் புண் நானா," என்று மட்டும் சொன்னார். "இந்த ஐஸை எப்பிடி வைக்கிறது?"

நானாவுக்கு அப்போதுதான் யாருக்கு, எதற்கு என்று தெரிந்தது. நாங்களும் சொல்லியிருக்கவில்லை. அவர் முகம் செத்துப்போனது. கம்பை வள்ளத்துக்குள் வைத்துவிட்டு இரண்டு கையையும் தண்ணீரில் கழுவினார், திரும்பத் திரும்பக் கழுவினார். புண்ணில் உப்புப் பட்டால் எப்படி எரியும் என்று உப்பளத்துக்காரருக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

பின்னேரம் மூன்று மணிக்கு முள்ளிவாய்க்காலில் இறங்கினோம். அத்தான் சைக்கிளோடு கரையில் நின்றார். பெட்டியைச் சைக்கிளில் கட்டி உருட்டிக்கொண்டு போனோம். நானாவைப் போகச் சொன்னோம், அவர் போகவில்லை. பத்தடி தள்ளிப் பின்னாலே வந்தார்.

மச்சாள் முற்றத்து மா மரத்தடியில் கதிரையில் இருந்தார். நான் பார்த்து ஒரு மாதமும் இல்லை, அதற்குள் பாதியாகிவிட்டார். என்னைக் கண்டதும் கையைப் பிடித்தார், கதைக்கவில்லை. ஊரிலேயே வாய்க்காரி என்று பெயரெடுத்த மனுசி. கலியாணமாகி வந்த புதிதில் மச்சாளின் குரல் கேட்டாலே நான் குசினிக்குள் ஒளித்திருக்கிறேன். அந்த வாய் இப்போது மூடியபடி இருந்ததைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

"ஐஸ் கொண்டந்தனாங்கள் அக்கா," என்றார் இவர். பாலாவது கொஞ்சம் குளிர்ந்திருக்கும் என்று வாளியைத் தூக்கினார். வாளி வெளியே வெள்ளையாகப் பூத்திருந்தது. விரல் அதில் ஒட்டியது. ஆட்டிப் பார்த்தார், தளும்பும் சத்தம் இல்லை. பிறகு தன் தலையில் தானே ஒரு தட்டுத் தட்டினார்.

இருபத்தைந்து வருடமாகக் குளிரோடு மாரடிக்கிற மனிதருக்கு அப்போதுதான் மூளை வேலை செய்தது. உப்புப் பட்ட ஐஸ் வேகமாக உருகும். உருகும்போது சாதாரண ஐஸை விட இன்னும் கடுமையாகக் குளிரும். பக்கத்தில் கிடக்கிறதை உறைய வைத்துவிடும். உப்புப் போட்டுச் சுற்றிச் சுற்றித்தான் அந்தக் காலத்தில் ஐஸ்கிறீம் செய்தார்கள் என்று எனக்கே கதை கதையாகச் சொன்னவர் இவர்தான். அன்றைக்கு நானா உப்பைப் போட்டார், இவர் சேற்றுக்குள் நின்று வள்ளத்தை ஆட்டினார், களப்பு மிச்சத்தைச் செய்தது.

கிணற்றுத் தண்ணீரால் வாளியை மூன்று தடவை கழுவினோம், ஒரு துளி உப்பும் உள்ளே போகாதபடி. மூடி இறுகியிருந்தது. அத்தான் கத்திப் பிடியால் தட்டித் திறந்தார். உள்ளே பால் இல்லை. மெத்தென்று, மணல் மாதிரி உதிர்ந்து விழும் வெள்ளை. இவர் முதலில் தான் ருசி பார்த்தார். பிறகு ஒரு கரண்டி எடுத்து மச்சாளின் வாயருகே கொண்டுபோனார்.

மச்சாள் பயந்து பயந்துதான் வாயைத் திறந்தார். கண்ணை இறுக மூடினார். உள்ளே வைத்தபடி அசையாமல் இருந்தார். எரிகிறதா என்று நான் கேட்கப் போனேன், அதற்குள் தொண்டை அசைந்தது. விழுங்கிவிட்டார். கண்ணைத் திறந்து கரண்டியைப் பார்த்தார். நாங்கள் எல்லோரும் அவரைப் பார்த்தோம். வேலியடியில் நின்ற நானாவும் பார்த்தார்.

"பல்லுக் கூசுது," என்றார் மச்சாள்.

கிழிந்த குரல். ஆனால் குறை சொல்கிற குரல், பழைய மச்சாளின் குரல். இவர் அடுத்த கரண்டியை எடுத்தார், அதற்கடுத்ததையும். அழுதுகொண்டே எடுத்தார். நானும் அழுதேன். அரை வாளி முடிந்ததும் மச்சாள் கையால் தடுத்து, வேலியடியைக் காட்டினார். அங்கே நிற்கிறவர் யார், அவருக்கும் ஒரு கிண்ணத்தில் போடு என்று அர்த்தம். நானா கிண்ணத்தை வாங்கினார். குனிந்த தலை நிமிராமல், ஒரு சொட்டும் விடாமல் சாப்பிட்டார்.

அடுத்த நாள் காலை பெட்டிக்குள் உப்புத் தண்ணீர்தான் மிஞ்சியது. மச்சாள் வந்து எட்டிப் பார்த்தார். மூடியைத் தானே மூடினார். பிறகு என்னிடம் மெல்லக் கேட்டார்: "உங்கடை வீட்டிலை ஐஸ் எந்த நாளும் இருக்குமோ?"

"விறாந்தை முழுக்க இருக்கு மச்சாள்."

எங்களோடு புறப்பட்ட மச்சாளுக்கு மாட்டை அத்தானிடம் ஒப்படைக்கத்தான் நேரம் பிடித்தது. கோயிலுக்கு நேர்ந்துவிட்ட மாடு மாதிரி அதன் கழுத்தைத் தடவித் தடவி நின்றார். கிணற்றடியைத் திரும்பிப் பார்த்தார். அதற்குப் பிறகு திரும்பிப் பார்க்கவில்லை. இரவு கரையிலேயே தங்கியிருந்த நானாவின் வள்ளத்தில் ஏறினோம்; களப்பில் அன்றைக்கு நல்ல காற்று. வெறும் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு மச்சாளை அதன் மேலே இருத்தினோம். கேப்பாப்புலவில் இறங்கும்போது நானா ஒரு சின்ன மூட்டையை என் கையில் தந்தார். கருவாட்டு உப்பு. கூலி வாங்க மறுத்துவிட்டார்.

இதை எழுதும்போது மச்சாள் எங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு கிழமை ஆகிறது. எடை கூடவில்லை, ஆனால் குறையவும் இல்லை. அடுத்த கட்டச் சிகிச்சைக்கு வைத்தியர் வரச்சொல்லிவிட்டார். வந்த முதல் நாளே இவர் தன்னிடமிருந்த மிகச் சிறந்த பெட்டியில் பாலை உறையவைத்துக் கொடுத்தார். மச்சாள் ஒரு கரண்டியோடு தள்ளிவிட்டார். கல்லு மாதிரிக் கிடக்குதாம், வாயைக் கீறுதாம். வேறு பெட்டியில் வைத்துப் பார்த்தார், அதுவும் சரிவரவில்லை. கடைசியில் அந்தப் பலகைப் பெட்டியைத்தான் எடுக்க வேண்டி வந்தது. அதற்குள் ஐஸ், நானாவின் உப்பு, நடுவிலே பால் வாளி. பெட்டியை விறாந்தை ஊஞ்சலில் கட்டி இவர் ஆட்டுகிறார். பக்கத்தில் ஆறு குளிர்சாதனப் பெட்டிகள் உறுமிக்கொண்டு நிற்கின்றன. திருத்தக் கொண்டுவருகிறவர்கள் படலையடியில் நின்று பார்த்துவிட்டு, திருத்தக் கொடுப்பதா வேண்டாமா என்று யோசிக்கிறார்கள்.

மச்சாள் கதிரையைப் போட்டுக்கொண்டு முன்னாலே இருக்கிறார். இன்றைக்குக் காலையும் சொன்னார்:

"மெல்ல ஆட்டு தம்பி. களப்பு இப்பிடி ஆடேல்லை."